வீட்டு வலையமைப்பில் தானியங்கிப் பெயர்ப் பதிவும் சேவை கண்டறிதலும்: ஒரு மதிப்பீடு

வீட்டு வலையமைப்பில் இணையும் ஒரு சாதனம் தன் பெயரைத் தானே அறிவித்துப் பதிந்துகொள்வது தானியங்கிப் பெயர்ப் பதிவு எனப்படும். அச்சாதனம் தரும் சேவையைப் பிற சாதனங்கள், எவரும் முகவரியைத் தட்டச்சு செய்து கொடுக்காமலேயே, தேடி அறிந்துகொள்வது சேவை கண்டறிதல் ஆகும். புதிதாக வாங்கிய பிரிண்டரை இயக்கியவுடன் கைப்பேசியின் அச்சுப் பட்டியலில் அதன் பெயர் தோன்றுவதும், கைப்பேசியில் ஓடும் காணொளியை ஒரே தட்டலில் தொலைக்காட்சிக்கு அனுப்ப முடிவதும் இவற்றின் பயன்களே.

கணினி நிர்வாகி என்று ஒருவர் இல்லாத இடத்திலும் வலையமைப்பு இயங்கவேண்டும் என்ற நோக்கம் பெருமளவு நிறைவேறியுள்ளது. எனினும் இந்தக் கட்டமைப்பு இரண்டு அனுமானங்களின்மேல் நிற்கிறது. வீட்டுக்குள் இருக்கும் சாதனங்கள் யாவும் ஒன்றோடொன்று ஒத்துழைப்பவை என்பது முதலாவது. நெறிமுறை ஒதுக்கிய சிறிய இடத்துக்குள் எந்த மொழிப் பெயரும் அடங்கிவிடும் என்பது இரண்டாவது. முதல் அனுமானம் உலகெங்கும் பாதுகாப்புச் சிக்கலை உண்டாக்கியுள்ளது. இரண்டாவது அனுமானத்தின் சுமை தமிழ் போன்ற மொழிகளின்மேல் விழுகிறது.

பின்னணி

1980களில் ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள்டாக் வலையமைப்பில் பிரிண்டர்களும் கணினிகளும் ஒன்றையொன்று பெயரால் கண்டுகொண்டன. அதன் பெயர் பிணைப்பு நெறிமுறையே இதற்கு அடிப்படை. விண்டோஸ் உலகில் அதே பணியை நெட்பயாஸ் செய்தது. அதில் ஒரு கணினியின் பெயர் 15 எழுத்துருக்களுக்குள் அடங்கவேண்டும். இணைய நெறிமுறை எங்கும் பரவியபோது இந்த எளிமை தொலைந்தது. முகவரி, பெயர், சேவை ஆகிய ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் கையால் அமைக்க வேண்டியதாயிற்று.

இந்த இடைவெளியை நிரப்ப, இணையப் பொறியியல் பணிக்குழுவில் 1999-இல் ஜீரோகான்ஃப் என்ற பணிக்குழு உருவானது. இதன் முதன்மையான சிற்பி ஸ்டூவர்ட் செஷயர். ஆப்பிள் நிறுவனம் 2002-இல் தன் இயங்குதளத்தில் ராண்டவூ என்ற பெயரில் இதைச் சேர்த்தது. 2005-இல் அப்பெயர் போன்ஷூர் என மாறியது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதே பணியை அவாஹி என்ற மென்பொருள் செய்கிறது. செஷயரும் மார்க் க்ரோச்மலும் எழுதிய இரண்டு செந்தர ஆவணங்கள் 2013 பிப்ரவரியில் வெளியாயின. ஆர்எஃப்சி 6762 பல்பரப்பு டிஎன்எஸ் பற்றியது. ஆர்எஃப்சி 6763 டிஎன்எஸ் வழியான சேவை கண்டறிதல் பற்றியது. நடைமுறையில் பத்தாண்டுக்கு மேல் இயங்கிய பின்னரே இவை செந்தரமாயின.

செயல்படும் முறை

இன்றைய வீடுகளில் பெயர்ப் பதிவு இரு வழிகளில் நடக்கிறது.

முதல் வழியில் ரவுட்டர் நடுவில் நிற்கிறது. சாதனம் தனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று டிஹெச்சிபி நெறிமுறை வழியாக ரவுட்டரைக் கேட்கிறது. அப்போதே தன் பெயர் இன்னதென்றும் சொல்கிறது. பெரும்பாலான ரவுட்டர்கள் அப்பெயரைத் தம் உள் டிஎன்எஸ் பட்டியலில் அப்படியே சேர்த்துக்கொள்கின்றன. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்னும் சிறிய மென்பொருள் பல ரவுட்டர்களில் இப்பணியைச் செய்கிறது.

இரண்டாவது வழியில் நடுவர் யாருமில்லை. இதுவே பல்பரப்பு டிஎன்எஸ். சாதனம் ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டு, "இப்பெயர் ஏற்கெனவே யாருக்காவது உண்டா?" என்று 224.0.0.251 என்ற பொது முகவரியில், 5353 என்ற துறை எண்ணில் கேட்கிறது. 250 மில்லிநொடி இடைவெளியில் மூன்று முறை கேட்டும் மறுப்பு வரவில்லையெனில் அப்பெயர் தனதென அறிவிக்கிறது. இவ்வாறு பெறும் பெயர்கள் லோக்கல் என்ற பின்னொட்டுடன் முடியும். முழு நிகழ்வும் ஏறக்குறைய ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது.

இதன் நிறை தெளிவானது. இணைப்பு துண்டிக்கப்பட்டாலும் வீட்டுக்குள் அச்சிட முடியும். பயனர் முகவரி எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, பட்டியலில் இருந்து தேர்ந்தால் போதும்.

சொன்ன பெயரை நம்பும் ரவுட்டர்

முதல் வழியின் குறை 2018 செப்டம்பரில் வெளிப்படையாகப் பதிவானது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 598349 என்ற எண்ணிட்ட எச்சரிக்கையை வெளியிட்டது. தானியங்கிப் பெயர்ப் பதிவும் தானியங்கிக் கண்டறிதலும் ஒன்றுசேரும்போது எழும் ஆபத்தே அதன் பொருள்.

விண்டோஸ் கணினிகள் இணையத்துக்குச் செல்ல இடைநிலை வழங்கி ஏதும் உண்டா என்று அறிய, டபிள்யூபிஏடி என்ற பெயரைத் தேடுகின்றன. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உடன் வந்த வழக்கம் இது. அந்நெறிமுறை வரைவாகவே காலாவதியானது, முழுச் செந்தரமாக ஒருபோதும் ஏற்கப்படவில்லை. ஆயினும் கணினிகள் தேடுவதை நிறுத்தவில்லை. வீட்டின் வைஃபை கடவுச்சொல் தெரிந்த ஒருவர் தம் சாதனத்துக்கு இப்பெயரைச் சூட்டி இணைந்தால், ரவுட்டர் மறுபேச்சின்றிப் பதிந்துகொள்ளும். தேடிவரும் கணினிக்கு அச்சாதனத்தின் முகவரியே விடையாகக் கிடைக்கும். கணினியின் இணையப் போக்குவரத்து அதன் வழியே செல்லத் தொடங்கும்.

இந்நிகழ்வில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சாதனம் தன் பெயரைச் சொன்னது, ரவுட்டர் நம்பியது, கணினி தேடியது. ஒவ்வொரு பகுதியும் தனக்கு விதித்த வேலையைச் சரியாகவே செய்துள்ளது. தனித்தனியே குற்றமற்ற இரு வசதிகள் சேர்ந்து ஒரு குற்றத்துக்கு வழிவிட்டதே இதன் பாடம்.

இதற்குத் தீர்வாக, அப்பெயருடன் வரும் சாதனத்தின் பெயரைப் புறக்கணிக்கும் அமைவு டிஎன்எஸ்மாஸ்கில் சேர்க்கப்பட்டது. ஆனால் மென்பொருளுடன் வரும் எடுத்துக்காட்டு அமைவுக் கோப்பில் அவ்வரிகள் செயலற்ற குறிப்பாகவே உள்ளன. ரவுட்டரைத் தயாரிப்பவர் அவற்றைச் செயல்படுத்த வேண்டும், அல்லது பயனரே கோப்பைத் திருத்தவேண்டும். நிர்வாகி இல்லாத வீட்டுக்கென்று உருவான வசதியின் குறையைத் தீர்க்க ஒரு நிர்வாகி தேவைப்படுகிறார். மேலும், ஒரு பெயரைத் தடைப் பட்டியலில் சேர்ப்பது அந்த ஒரு பெயருக்கான தீர்வு மட்டுமே. எந்தப் பெயரைச் சொல்ல யாருக்கு உரிமை என்ற அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டாவது வழியும் இதற்கு விலக்கல்ல. பெயர் மோதலைத் தீர்க்கும் முறை ஒத்துழைக்கும் சாதனங்களை எதிர்பார்த்தே அமைந்தது என்பதை ஆர்எஃப்சி 6762 தானே ஒப்புக்கொள்கிறது. அலுவலக ஆய்வகத்தில் இந்த எதிர்பார்ப்பு பொருந்தலாம். மாடியில் வாடகைக்கு இருப்பவர், விருந்தினர், பக்கத்து வீட்டு மாணவர் என எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிரும் வீட்டில் இது பொருந்தாது.

வீட்டுக்குள் ஒலிக்கும் அறிவிப்பு

சாதனங்கள் தம் பெயரை அறிவிக்கும்போது அதன் உரிமையாளரைப் பற்றியும் அறிவிக்கின்றன. ஒருவரது பெயருடன் "கைப்பேசி", "மடிக்கணினி" என்ற சொல் சேர்ந்த இயல்நிலைப் பெயர்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. தேநீர்க்கடை, ரயில் நிலையம், விடுதி என எந்த வலையமைப்பில் இணைந்தாலும் அப்பெயர் அங்கே ஒலிக்கும். இவ்வழக்கம் தீங்கானது என்று சுட்டும் ஆர்எஃப்சி 8117 ஆவணம் 2017-இல் வெளியானது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வகத்தில் 93 அறிதிறன் சாதனங்களை வைத்து அவற்றின் உள்ளூர் உரையாடலைக் கவனித்தது. சாதன அடையாள எண்களும் பெயர்களும் வீட்டுக்குள் மறைப்பின்றி உலவுவதையும், கைப்பேசிச் செயலிகள் அவற்றைத் திரட்ட முடிவதையும் அது காட்டியது.

ஆப்பிள் 2020-இல் ஐஓஎஸ் 14 வழியாக, உள்ளூர் வலையமைப்பைத் தேடும் செயலிகள் பயனரின் அனுமதி பெறவேண்டும் என்று ஆக்கியது. வரவேற்கத்தக்க மாற்றம் எனினும், அக்கேள்விக்கு விடை சொல்லப் பயனருக்குப் போதிய தகவல் தரப்படுவதில்லை. தொலைக்காட்சிக்குக் காணொளி அனுப்ப விரும்புபவர் அனுமதி தந்தே ஆகவேண்டும். தந்த அனுமதி தொலைக்காட்சியோடு நிற்பதில்லை, வீட்டின் பிற சாதனங்களையும் அச்செயலிக்குத் திறந்துவிடுகிறது.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. இவ்விலக்கு நியாயமானது. ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு சாதனப் பட்டியலைத் திரட்டும் செயலியின் உரிமையாளர் வீட்டார் அல்லர். நெறிமுறை இந்த வேறுபாட்டை அறியாது. எல்லையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் இயங்குதளத்தின் மேலேயே விழுகிறது.

இரண்டு தருமபுரங்கள்

பெயர் மோதல் என்பது கணினிக்கு முன்பே மனிதர் அறிந்த சிக்கல். காரைக்கால் பகுதியில் உள்ள தருமபுரம், யாழ்முரிநாதர் கோயில் அமைந்த, ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். மயிலாடுதுறையில் உள்ள தருமபுரம், சைவ ஆதீனத்தால் அறியப்படுவது. இரண்டும் காவிரிப் படுகையில் உள்ளவை. முன்னது புதுச்சேரி ஒன்றியப் பகுதியையும் பின்னது தமிழ்நாட்டையும் சார்ந்தவை. பேச்சில் குழப்பம் நேரும்போது "ஆதீனத்துத் தருமபுரம்", "காரைக்கால் தருமபுரம்" என்று அடை சேர்த்து மக்கள் தெளிவாக்கிக் கொள்கின்றனர். அந்த அடைமொழி ஒரு பொருளைத் தருகிறது.

பல்பரப்பு டிஎன்எஸ் அடைமொழிக்குப் பதிலாக எண்ணைத் தருகிறது. ஒரே பெயரில் இரு சாதனங்கள் வந்தால் முந்தியதற்கு அப்பெயர் நிலைக்கும், பிந்தியது தன் பெயருடன் 2 என்ற எண்ணைச் சேர்த்துக்கொள்ளும். மோதல் தீர்ந்துவிட்டதாக நெறிமுறை கருதுகிறது. சாதனங்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஒரே நிறுவனத்தின் ஒரே வகை பிரிண்டர் கீழ்த்தளத்திலும் மாடியிலும் இருக்கும் வீட்டில், எண் 2 எந்தத் தளத்தில் உள்ளது என்பது பயனருக்குத் தெரியாது. வங்கிக் கணக்கு அறிக்கையோ மருத்துவச் சோதனை முடிவோ மாடியில் குடியிருப்பவரின் பிரிண்டரில் வெளிவருவது இதன் விளைவாகலாம். சேவை கண்டறிதலின் தரவுப் பதிவில் சாதனத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் வசதி பிரிண்டர்களுக்கு உண்டு. அதை முதல் அமைவின்போதே கேட்டு, பட்டியலில் பெயரோடு காட்டும் வழக்கம் வேரூன்றாதது தயாரிப்பாளர்களின் குறையே அன்றி நெறிமுறையின் குறை அன்று.

தமிழ்ப் பெயரும் 63 பைட்டும்

டிஎன்எஸ் பெயரின் ஒரு கூறு 63 பைட்டுக்கு மேல் நீளக்கூடாது என்பது 1980களின் விதி. சேவை கண்டறிதலும் அதையே பின்பற்றுகிறது. அதே வேளையில் சேவைப் பெயரில் எந்த மொழியையும், இடைவெளியையும், நிறுத்தக்குறியையும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுதலாம் என ஆர்எஃப்சி 6763 அனுமதிக்கிறது. பட்டியலில் பிரிண்டரின் பெயர் தமிழிலேயே தோன்ற இது வழிசெய்கிறது. இதனைக் குறைத்து மதிப்பிட முடியாது.

குறை அளவில் உள்ளது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டும், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டும் செலவாகின்றன. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளே. ஆகவே 63 பைட்டில் 21 தமிழ்க் குறியீடுகள் மட்டுமே அடங்கும். "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லே 5 குறியீடு, 15 பைட்டு.

"தருமபுரம் வீட்டுப் பிரிண்டர்" என்ற பெயரைக் கொள்ளலாம். மொத்தம் 15 எழுத்துகள், இரண்டு இடைவெளிகள். இதற்கு 80 பைட்டு தேவை. ஒற்றெழுத்தை விட்டுப் பிழையாக எழுதினாலும் 74 பைட்டு. இரண்டுமே எல்லையைத் தாண்டுகின்றன. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 25 பைட்டில் முடிந்துவிடும். "மயிலாடுதுறை தருமபுரம்" என்ற ஊர்ப்பெயர் மட்டுமே 61 பைட்டு. மோதல் நேர்ந்து இடைவெளியும் அடைப்புக்குறிக்குள் 2 என்ற எண்ணும் சேர்க்கவேண்டி வந்தால், அந்த 4 பைட்டுக்கு இடமில்லை. இடம் உண்டாக்கக் கடைசி எழுத்தை வெட்டினால், புள்ளி போய் மகரமெய் மகர உயிர்மெய்யாகும்.

செந்தரத்தை எழுதியவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். அதிகப் பைட்டு கொள்ளும் எழுத்துருக்கள் அரிதாகப் பயன்படுபவை என்றும், ஒவ்வொன்றும் கூடுதல் பொருளைத் தாங்குபவை என்றும் ஆர்எஃப்சி 6763 சமாதானம் கூறுகிறது. ஓர் எழுத்து ஒரு சொல்லாக நிற்கக்கூடிய சீனத்துக்கு இது பொருந்தலாம். தமிழுக்குப் பொருந்தாது. தமிழின் புள்ளி எந்தப் பொருளையும் தாங்குவதில்லை, அரிதாக வருவதும் இல்லை. ஆயினும் அது ஒரு சீன எழுத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் இது பொதுவான இழப்பு.

இதில் ஒரு முரணும் உண்டு. பொது இணையத்தில் தமிழ்ப் பெயர்கள் பியூனிகோடு என்ற மாற்றுக் குறியாக்கத்தில் செல்கின்றன. மனிதர் படிக்க இயலாத அவ்வடிவத்தை வீட்டு வலையமைப்பில் தவிர்த்ததைச் செந்தரம் நன்மையாகவே கருதுகிறது. ஆனால் நீளத்தில் தமிழுக்கு லாபம் தருவது பியூனிகோடுதான். இந்தியா என்ற தமிழ் உயர்நிலைப் பெயர் யூடிஎஃப்-8 வடிவில் 21 பைட்டு, பியூனிகோடில் முன்னொட்டுடன் சேர்த்து 17 பைட்டு. சிங்கப்பூர் என்பது முறையே 33, 22. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியுடன் ஏற்ற டேஸ்-16 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரே குறியீடு என்பதால், "தமிழ்" 9 பைட்டில் அடங்கியிருக்கும். அது தனிப்பயன் பகுதியில் அமைந்ததால் உலகச் சாதனங்களின் ஆதரவைப் பெறவில்லை.

ஒரே தோற்றம், வேறு குறியீடு

"ஔவை" என்ற பெயரின் முதலெழுத்தை ஔகாரமாகவும் தட்டச்சு செய்யலாம், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் கொகரத்தின் இரு வடிவங்களை ஒன்றாக்கும், ளகரம் கலந்த இந்தப் போலி ஔகாரத்தை ஒன்றாக்குவதில்லை. தமிழ் எண் ஒன்றும் ககரமும் தோற்றத்தில் ஒத்தவை என்பதும் இத்தகையதே.

பொது இணையத்தின் உயர்நிலைப் பெயர்களுக்கு இத்தகைய மயக்கங்களை ஆராய்ந்து, எந்த எழுத்துகளை அனுமதிப்பது என்று தமிழுக்கெனத் தனி விதித்தொகுப்பு வகுக்கப்பட்டுள்ளது. வீட்டு வலையமைப்புக்கு அத்தகைய விதி எதுவுமில்லை. போலிப் பெயருடன் வரும் சாதனம் மோதலாகக்கூடக் கருதப்படாது. எண் 2 சேர்க்கப்படாமல், அசல் பிரிண்டருக்குப் பக்கத்திலேயே அதே தோற்றத்தில் பட்டியலில் நிற்கும்.

வீட்டுக்கு ஒரு பின்னொட்டு

வீட்டுப் பெயர்களுக்குப் பொதுப் பின்னொட்டு எது என்பதிலும் தடுமாற்றம் நேர்ந்தது. 2016-இல் வெளியான ஆர்எஃப்சி 7788, ஹோம் என்ற சொல்லை முறையாக ஒதுக்கீடு பெறாமலே பயன்படுத்தியது. 2018-இல் ஆர்எஃப்சி 8375 அதைத் திருத்தி ஹோம் டாட் ஆர்பா என்று மாற்றியது. தொழில்நுட்ப அளவில் சரியான இப்பெயர் வீட்டார் நாவில் ஏறக்கூடியது அன்று. 2024-இல் ஐகேன் அமைப்பு தனியார் வலையமைப்புகளுக்கென இன்டர்னல் என்ற பெயரை ஒதுக்கியது. இவை யாவும் ரோமன் எழுத்தில் மட்டுமே உள்ளன. சாதனப் பெயரைத் தமிழில் வைத்தவர் உலாவியில் அதைத் தட்டச்சு செய்யப் பாதியில் விசைப்பலகையை மாற்றவேண்டும்.

டிஹெச்சிபி வழிச் செல்லும் பெயரோ பழைய டிஎன்எஸ் மரபுப்படி ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு என்பவற்றுக்குள் அடங்கவேண்டியது. ஆக, ஒரே பிரிண்டர் சேவைப் பட்டியலில் தமிழ்ப் பெயருடனும் ரவுட்டரின் பட்டியலில் ஆங்கிலப் பெயருடனும் இருக்கும். வெளிநாட்டில் உள்ள மகன் தொலைபேசியில் ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி ஊரில் உள்ள பெற்றோருக்கு உதவ முயலும்போது, இருவரும் பார்ப்பது ஒரே சாதனம்தானா என்பதே முதல் கேள்வியாகிறது.

மாற்று முயற்சிகள்

பல்பரப்பு அறிவிப்புகள் வைஃபையில் எளிதில் தொலைபவை. ஒரே வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து இருந்தால் அவை எல்லையைக் கடப்பதுமில்லை. இக்குறைகளைத் தீர்க்க எழுந்த சேவைப் பதிவு நெறிமுறை 2025-இல் ஆர்எஃப்சி 9665 ஆக வெளியானது. அறிதிறன் விளக்கு, பூட்டு போன்றவற்றுக்கான திரெட் வலையமைப்புகளில் இது ஏற்கெனவே பயன்படுகிறது. இதில் சாதனம் தன் பெயரை ஒரு மறைக்குறியீட்டுத் திறவியால் கையொப்பமிட்டுப் பதிகிறது. பதிவு உயிருடன் இருக்கும்வரை அதே திறவி உடைய சாதனமே அப்பெயரைப் புதுப்பிக்கவோ மாற்றவோ இயலும்.

இது மெய்யான முன்னேற்றம். பெற்ற பெயரைப் பிறர் பறிப்பதை இது தடுக்கிறது. எனினும் முதலில் வந்தவருக்கே பெயர் என்ற கொள்கை மாறவில்லை. டபிள்யூபிஏடி போன்ற ஒரு பெயரை முதலில் கேட்பவர் நல்லவரா என்பதைத் திறவி சொல்லாது. 63 பைட்டு எல்லையும் மாறவில்லை.

மதிப்பீடு

தானியங்கிப் பெயர்ப் பதிவு தோல்வியுற்ற தொழில்நுட்பம் அன்று. அதற்கு முந்தைய நிலை, ஒவ்வொரு பிரிண்டருக்கும் எண் முகவரியைக் காகிதத்தில் எழ்திவைத்த நிலை, மீண்டும் வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார். ஆனால் பயனரின் வேலையைக் குறைப்பதாகச் சொல்லி, பயனரின் முடிவையும் சேர்த்தே இது எடுத்துவிட்டது. எந்தச் சாதனம் எந்தப் பெயரில் வீட்டுக்குள் அறியப்படும் என்பது வீட்டார் முடிவு செய்ய வேண்டியது. புதிய பெயர் ஒன்று பதியும்போது ரவுட்டர் வீட்டாருக்கு ஒரு வரியில் தெரிவிக்கலாம். முதன்முறை ஒப்புதல் கேட்கலாம். ஆபத்தான பெயர்களுக்கான தடையை இயல்நிலையாகவே செயல்படுத்தலாம். இவற்றுக்குப் புதிய செந்தரம் தேவையில்லை.

தமிழைப் பொறுத்தவரை, பயனர் காணும் பெயரையும் கணினி பயன்படுத்தும் பெயரையும் பிரித்துவிடுவதே சரியான தீர்வு. சேவைப் பதிவுடன் வரும் துணைத் தகவலில் ஒவ்வோர் உருப்படியும் 255 பைட்டுவரை நீளலாம். காட்சிப் பெயரை அங்கே வைத்தால், "காரைக்கால் தருமபுரம் வீட்டுப் பிரிண்டர்" என்பது ஒற்றெழுத்தை இழக்காமல் முழுமையாக அடங்கும். செந்தரக் குழுக்களில் இக்கோரிக்கையை எழுப்ப, பைட்டுக் கணக்குடன் பேசக்கூடிய தமிழ்க் கணிமையாளர்கள் தேவை.